பாரிசில் அடித்த கெட்டிமேளம்

பாரிஸ்
ஆவணி, 1991

அன்பின் மங்கை,

இதை அக்காவுக்கு முன்னால் வாசிக்காதே.

அக்காவை விட்டுவந்து காணாமற்போன அத்தானின் படத்தோடு இங்குள்ள தமிழ்க் கடையெல்லாம் ஏறி இறங்கினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நேற்று ஒரு கலியாணத்துக்குத் தவில்காரர் வரவில்லையென்று கடைசி நேரத்தில், ஊரில் தவில் அடித்த என்னைக் கூட்டிப்போனார்கள். போய் இருந்ததும் ஐயர் கையைக் காட்டினார். கெட்டிமேளம் அடித்தேன். தாலியோடு எழுந்த மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

அத்தான்.

"கட்டாதேங்கோ அத்தான்!" என்று கத்தினேன். கெட்ட சொல் ஒன்றும் காதில் விழக்கூடாதென்றுதானே அந்த மேளம்? என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் கையும் நிற்கவில்லை, மங்கை.

அக்கா கேட்டால், ஆள் அகப்படவில்லை என்று சொல். அவருக்காக அவள் பிடிக்கும் வெள்ளி விரதத்தை மட்டும் எப்படியாவது நிறுத்து. என்ன சொல்லி நிறுத்துவாயோ, எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்