இரண்டு கிண்ணம் பெட்ரோல்

அன்பு மகன் யோங்ஷெங்குக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். சாங்சுன் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். உங்கள் தொழிற்சாலையில் செய்த 'விடுதலை' லாரி ஒன்று எங்கள் டிப்போவுக்கு வந்துவிட்டதடா, பச்சை நிறம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இந்த மாதம் யார் பெட்ரோலை அதிகம் மிச்சம் பிடிக்கிறாரோ அவருக்குத்தான் அது என்று டிப்போவின் கட்சிச் செயலாளர் சொல்லிவிட்டார். உன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை, "நம்ம பையன் பிரேக் மாட்டின வண்டி, நான் ஓட்டாம வேற எவன் ஓட்டுவான்?" என்று ஒரே பேச்சு. அவரும் ஹூ டிரைவரும் மாதம் முழுக்கச் சமமாகவே வந்தார்கள். மிச்சம் பிடிக்க இவர்கள் அடிக்கிற கூத்து உனக்குத் தெரியாததா, இர்லாங் மலை இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே வருவது. பிரேக் ஏமாற்றினால் நேரே பள்ளம்தான்.

கடைசி நடையில் உன் அப்பாவின் பழைய லாரியில், கம்பளி மூட்டைகள் மேல், சாலைத் தொழிலாளர்கள் எட்டுப் பேர் புத்தாண்டுக்கு வீடு திரும்ப ஏறியிருந்தார்கள், ஒருத்தி மடியில் குழந்தை வேறு. பாதையெல்லாம் பனிக்கட்டி. இந்த மனுஷர் அடிவாரம் வரை இன்ஜினை அணைக்கவே இல்லை. இரண்டே கிண்ணம் பெட்ரோலில் தோற்றார். கூட்டத்தில் செயலாளர், "என்ன தோழர் தாவ், கடைசி நாள்ல கோட்டை விட்டுட்டீங்களே?" என்று கேட்க, இவர் எழுந்து, "வெறும் மூட்டையா இருந்தா அணைச்சிருப்பேன். மேல ஆளுங்க இருந்தாங்க, எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒருத்தரும் கைதட்டவில்லை. புது வண்டி கைநழுவிப் போச்சே என்று எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவரைப் பார்த்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

சாவியை வாங்கியதும் ஹூ, "வாங்க தாவ் அண்ணே, ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க" என்று கூப்பிட்டார். இவர் ஏறவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டு, நீ முடுக்கிய பிரேக் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

மிளகாய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன், ஒரே நாளில் தீர்த்துவிடாதே. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாயிருக்க வேண்டும். அப்பா ஒன்றே ஒன்று எழுதச் சொன்னார்: "நட்டை நல்லா முடுக்கச் சொல்லு. ஹூ இன்னும் இறக்கத்துல அணைச்சிட்டுத்தான் வர்றான், அவனுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

உன் அம்மா,
குய்லான்