உறுமியை வாங்கி மாட்டியவள்

மருமகளே லோஷினி,

ஒருவரும் நம்பாத கதை ஒன்றை முருகன்மேல் ஆணையாகச் சொல்லப்போகிறேன். ஈப்போ தைப்பூசத்தில் உன் மாமா உறுமி அடித்தபோது சுண்ணாம்புக் குன்றுகள் எழுந்து ஆடின. குரங்குகள் வரிசையில் நின்று அரோகரா போட்டன.

நடுவில் என் கை விறைத்துவிட்டது. மேளம் நின்றதும் காவடிக்காரர் பாதிப் படியில் தள்ளாடினார்.

மறுநாள் சாப்பாட்டுக் கடையில், "கடைசி வரைக்கும் அடிச்சது யாருண்ணே? கூட்டத்துல முகம் தெரியல. உடம்பே சிலிர்த்துப்போச்சு லா!" என்று கேட்டார்கள். "நான்தான் லா, வேற யாரு?" என்றேன். பக்கத்தில் இருந்த நீ மைலோவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். அதன் பிறகு உறுமிப் பயிற்சிக்கும் நீ வருவதில்லை.

நேற்று அதே கடையில் உள்ளதைச் சொன்னேன். "பதினாறு வயசுப் பொண்ணா? போதும்ணே உங்க கதை!" என்று சிரித்தார்கள். இத்தனை நாள் அளந்ததற்குக் கூலி.

ஞாயிற்றுக்கிழமை பீடோரில் ஊர்வலம். உறுமியோடு நீ முன்னால் நட. ஜால்ரா தட்டிக்கொண்டு நான் பின்னால் வருகிறேன். அப்போது நம்பட்டும்.

குன்றுகள் ஆடவில்லை. குரங்குகள் வாழைப்பழத்துக்கு வந்தவை. என் தோளிலிருந்த உறுமியை நீ வாங்கி மாட்டி அடித்த பிறகுதான் அந்தக் காவடி மேலே ஏறியது. அது மட்டும் உண்மை.

தலைகுனிந்து,
உன் மாமா