ராகு காலத்தில் மலை ஏறுகிறோம்

மாபெரும் அறிவிப்பு: குடும்பத் தலைவர் அரங்கநாதன் அவர்களின் மோட்டார் சைக்கிள் இன்று கல்வராயன் மலை ஏறுகிறது. ஓட்டப்போவது நான்.

வெள்ளிதோறும் எலுமிச்சம்பழம் கட்டி, நல்ல நாள் பார்த்துப் பார்த்தே டீக்கடையைத் தாண்டாத வண்டி அது. ஒருநாள் மலைக்குக் கூட்டிப்போங்கள் என்றதற்கு, "பொம்பளைக்கு இன்னாத்துக்கு மலை? வூட்ல இரு" என்றீர்களே, இருந்து பார்த்துவிட்டேன்.

ராகு காலத்தில் கிளம்புகிறேன். அப்போதுதான் உங்கள் ஆட்கள் யாரும் தெருவுக்கு வர மாட்டார்கள். பின்சீட்டுக்குப் பக்கத்து வீட்டு அஸ்ரப் நிஷா. "சீக்கிரம் வாக்கா, அண்ணன் வந்துடப் போறாரு" என்று வாசலில் குதித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிமலை, சேராப்பட்டு என்று கண்ட பாதையிலெல்லாம் சுற்றிவிட்டு ஞாயிறு வருவோம்.

கருவாட்டுக் குழம்பு சட்டியில் இருக்கிறது. கோபத்தில் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கொளஞ்சி

பி.கு.: உங்கள் வண்டி கிளம்பவில்லை. நிஷாவின் ஸ்கூட்டரில் போகிறோம்.