எட்டு நட்டுகளில் ஒன்று

14 மார்ச் 2023, செவ்வாய்க்கிழமை
காலை 6.20 மணி
கடிதம் எண் 1 (19 பிப்ரவரி 2013க்குப் பிறகு)
பொருள்: லாரியின் முன் சக்கரங்கள்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலத்தையும் ஓரளவு அறிவேன். புதன்கிழமைதோறும் நான் நூலகத்துக்குப் போயிருக்கும் நேரத்தில் உங்கள் அக்கா உங்களோடு தொலைபேசியில் பேசுவது எனக்குத் தெரியும். முன்பெல்லாம் ஐந்து மணிக்கு வீடு திரும்புவேன். 2016 ஜூன் முதல் ஐந்தரைக்குத் திரும்புகிறேன். நூலகத்தை ஐந்து மணிக்கே மூடிவிடுகிறார்களே என்று அவள் இதுநாள்வரை என்னைக் கேட்டதில்லை.

உங்களை ‘நீ’ என்றே அழைத்துப் பழகியவன் ‘நீங்கள்’ என்று எழுதுவது விநோதமாகத் தோன்றக்கூடும். பழைய உரிமை என்னிடம் மிச்சம் இருக்கிறதா என்பது உறுதிப்படாததால் இவ்வாறு எழுதுகிறேன்.

முதலில் செய்தி. உங்கள் அக்காவின் வலது முழங்காலில் ஏப்ரல் 3, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அறுவைச் சிகிச்சை. அந்தக் கால் பத்து வருடம் தாங்கியதே அதிகம் என்றார் எலும்பு மருத்துவர். இதயத் துடிப்பு சீராக இல்லாததால் மயக்க மருந்து கொடுப்பதில் கொஞ்சம் ஆபத்து உண்டு என்றார். கொஞ்சம் என்றால் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தார். உங்களிடம் அவள் இதைச் ‘சின்ன வைத்தியம்’ என்று சொல்லியிருப்பாள். சின்னது அல்ல.

மருத்துவமனைப் படிவத்தில் நெருங்கிய உறவினர் இருவர் கையொப்பமிட வேண்டும். முதலாவது நான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால், இரண்டாவது இடத்தில் அடுத்த வீட்டுத் தபால்காரரைப் போடச் சொல்லலாமா என்று கேட்டேன். “காலியாவே இருக்கட்டும். அந்த எடம் யாருதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்,” என்றாள்.

இனி லாரி. சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதம் அவள் மாடிப்படி ஏறக்கூடாது. கீழே உள்ள ஒரே பெரிய இடம் நம் பட்டறைதான். அதை அவளுக்கு அறையாக்கக் கொத்தனாரிடம் பேசியாகிவிட்டது. ஆகவே உங்கள் அப்பாவின் லாரியை அடுத்துள்ள காலி மனைக்கு இழுத்துவிட வேண்டும். நீங்கள் போன அன்று இருந்தபடியேதான் இருக்கிறது. தார்ப்பாய் மூடி, முன்பக்கம் இரண்டு கட்டைகளின் மேல் நிற்கிறது. கழன்ற இடது சக்கரம் சுவரில் சாய்ந்தபடி. நீங்கள் மழையில் போட்டுவிட்டுப் போன இருபத்தேழாம் எண் ஸ்பானர் மட்டும் துருப்பிடித்துவிட்டது. அது உங்கள் தவறு. அதில் மாற்றம் இல்லை.

மார்ச் 4, சனிக்கிழமை, சக்கரத்தை மாட்ட ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். ஐம்பது வயதுக்காரர், வாயில் எப்போதும் ஏதோ ஒரு பாட்டு. சக்கரம் பூட்டும் இடது ஹப்பின் முன் குந்தியதும் பாட்டு நின்றுவிட்டது. எழுந்து வலது பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார். “பெரியவரே, ரெண்டு ஹப்பும் பக்கம் மாறிக் கெடக்கு. இந்தக் காலத்து வண்டிக்கு எடது பக்கம் எதிர் மரை. சக்கரம் சுத்தச் சுத்த நட்டு தானா இறுகும். மாத்திப் போட்டா சுத்தச் சுத்தக் கழண்டுக்கும். இத யாரு மாட்டினா?” என்றார். என் மைத்துனன் என்றேன். பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் பதில் ஆகையால் நாக்கு தானாகச் சொன்னது. அவர் ஹப்பின் விளிம்பில் இருந்த பெயிண்டைச் சுரண்டினார். அடியில் 1 என்ற எண் தெரிந்தது. “அவரு நம்பர் பார்த்துச் சரியாத்தான் மாட்டியிருக்காரு. நம்பர் அடிச்சது யாரு?” என்றார்.

அந்த எண்ணின் தலை சற்று இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இரும்பில் எண் பதிக்கும் என் பஞ்ச் தேய்ந்தது, அப்படித்தான் அடிக்கும். அதை வேறு யாரும் தொடக்கூடாது என்று 2009 நவம்பர் 7 அன்று, நாம் பிரித்துப் புதுப்பிக்கப் பழைய இரும்புக் கடையிலிருந்து வண்டி வந்திறங்கிய நாளிலேயே, நான் விதித்திருந்தேன்.

அன்றே வேலைக் குறிப்பு நோட்டின் முதல் பக்கத்தில் இன்னொரு விதியையும் எழுதினேன். எல்லாப் பாகங்களுக்கும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் நிலையே அளவுகோல். அவருக்கு இடப்பக்கம் உள்ளது 1, வலப்பக்கம் உள்ளது 2. என் கையெழுத்து. 2010 ஆகஸ்டு 22, ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தீர்கள். நீங்கள் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று நானே ஹப்புகளுக்கு எண் அடித்தேன். வண்டிக்கு எதிரே, அதன் முகத்தைப் பார்த்துக் குந்தியிருந்தேன். என் இடக்கைப் பக்கம் இருந்ததில் 1 அடித்தேன். அது வண்டிக்கு வலப்பக்கம்.

நடந்தது இவ்வளவுதான். முப்பத்து நான்கு ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த புளியங்கொட்டை அளவு மெழுகுக்காகக் கடைக்கு முத்திரை வைத்திருக்கிறேன். “தெரியாம ஒட்டிக்கிச்சு சார்” என்று அழுதவர்களிடம், தெரியாமல் நடந்தது என்பது விளக்கமே அன்றி விலக்கு அல்ல என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

2013 பிப்ரவரி 17, ஞாயிறு காலை 9.10க்கு வெள்ளோட்டம் புறப்பட்டோம். நீங்கள் ஓட்டினீர்கள், அக்கா நடுவில், நான் நோட்டோடு கதவோரம். உங்கள் அப்பா அந்த லாரியை ‘மூத்தவ’ என்று அழைப்பார் என்றும், மகளான தன்னை ‘ரெண்டாவது’ என்பார் என்றும் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். பதினொன்றாவது கிலோமீட்டர் வளைவில் நம் சக்கரமே நம்மை முந்திக்கொண்டு போயிற்று. முடிதிருத்தும் கடைக்காரர் கத்தியோடு வெளியே வந்து, “யாருதுங்க இந்தச் சக்கரம்?” என்று கேட்டார். நாம் மூவரும் அப்போது பள்ளத்தில் இருந்தோம். அக்காவின் வலது முழங்கால் உடைந்தது, எனக்குக் கீறல்கூட இல்லை. அதை நான் ஒருபோதும் நல்லூழாகக் கருதியதில்லை.

அக்காவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நீங்கள் அந்தச் சாலையைத் திரும்ப நடந்து, எட்டு நட்டுகளையும் பொறுக்கிக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். “அப்பா வண்டியோடது அத்தான், ஒண்ணுகூடப் போகல,” என்று என் கையில் கொடுத்தீர்கள். அந்த எட்டையும் மேசைமேல் வரிசையாக வைத்து, ஒன்றையாவது முறுக்கினாயா என்று 19ஆம் தேதி மாலை உங்களை விசாரித்தேன். பிறகு, என் வீட்டு வாசற்படியை இனி மிதிக்காதே என்றேன். நீங்கள் ஒரு பையோடு போனீர்கள். உங்கள் அப்பாவின் லாரி என் பட்டறையில் இருந்தது. அவருடைய மகன் தெருவில் நின்றான். அப்போது அது எனக்கு உறுத்தவில்லை.

மெக்கானிக் போனபின் உங்கள் அக்காவிடம் சொன்னேன். அவள் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “சக்கரம் மாட்டின அன்னைக்கே அவன் கேட்டானே. ‘அத்தான், இந்தப் பக்கம் மரை நேரா இருக்கே, எதிர் மரைல்ல இருக்கணும்’னு. நான் காபி கொண்டுவந்து நின்னேன். ‘நம்பர் பொய் சொல்லாது, நீ முறுக்கு’ன்னீங்க,” என்றாள்.

அப்போது எனக்கும் நினைவு வந்தது. வந்தது என்பதுகூடப் பொய். அது எப்போதும் அங்கேயேதான் இருந்தது, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பத்து வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு நான்தான் அவன அடக்கினேன். ‘இப்ப ஒண்ணும் பேசாத, ஒரு வாரத்துல அவரு ஆறிடுவாரு, கூப்பிடறேன்’னு. நீங்க ஆறவே இல்ல. நாள் போகப் போக எனக்கும் வீம்பு. நீங்களா கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டேன். என் காலு தேஞ்சதுதான் மிச்சம்,” என்றாள். அதன்பின் அவள் பயற்றில் கல் பொறுக்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழு கற்கள்.

உங்கள் மௌனத்தைப் பெருந்தன்மை என்று நான் பாராட்டப்போவதில்லை. அவள் வாயை மூடச் சொன்னது ஒரு வாரத்துக்குத்தான். எட்டாம் நாள் வந்து கதவை உடைத்திருக்க வேண்டும். பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். என் தவறைப் பத்தாண்டு நீங்கள் சுமந்ததால் என் சுமை குறைந்துவிடவில்லை. வட்டியோடு கொண்டுவந்து இன்று மொத்தமாக இறக்கியிருக்கிறீர்கள். இப்படிப் பேசினால் உங்கள் அக்கா ஒன்று கேட்கிறாள்: “அவன் வந்து சொல்லியிருந்தா நீங்க சுரண்டிப் பார்த்திருப்பீங்களா?” இரண்டு நாள் யோசித்தேன். பார்த்திருக்க மாட்டேன். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மெக்கானிக்கை மீண்டும் அழைக்கவில்லை. ஹப்புகளை அவர் மாற்றிப் போட்டுவிடுவார், ஒரு மணி நேர வேலை என்றார். அந்த வண்டியில் இனி அந்நியர் கை படவேண்டாம் என்று உங்கள் அக்கா சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஆனால் நான் பஞ்ச் பிடித்தால் சுத்தியல் விரலில் விழுகிறது. கொத்தனார் மார்ச் 27, திங்கட்கிழமை வருகிறார். எனவே 26, ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி வெளியேற வேண்டும்.

பட்டறைக்குப் பின்னால் உள்ள உங்கள் அறையை நேற்று திறந்து பெருக்கினேன். ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன். கட்டில் ஆடுகிறது, ஒரு காலுக்கு அட்டை வைத்தேன், எந்தக் கால் என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

உங்கள் அக்காவுக்கு இக்கடிதம் தெரியாது. நாளை புதன்கிழமை. நான் வழக்கம்போல நூலகம் போவேன். அவள் பேசும்போது நீங்கள் வருவதாகவோ வரமாட்டேன் என்றோ சொல்ல முடியாது. கடிதம் அதற்குள் வந்து சேராது. அவளை அடுத்த புதன்கிழமைவரை காத்திருக்க வைக்காதீர்கள். ஏற்கெனவே என்னால் ஐந்நூற்றுச் சொச்சம் புதன்கிழமைகள் ஆகிவிட்டன.

நீங்களும் உங்கள் மனைவியும் பிள்ளையும் நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டும். பிள்ளை பிறந்த தேதி எனக்குத் தெரியாது. என்னிடம் இல்லாத ஒரே தேதி அது.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

இணைப்புகள்:
1. நோட்டின் முதல் பக்கம், எண் விதியுடன் (அசல், நான் பிரதி வைத்துக்கொள்ளவில்லை).
2. இரு ஹப்புகளிலும் உள்ள எண்களின் மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படிகள், இரண்டு.
3. மருத்துவமனைப் படிவம், இரண்டாவது கையொப்ப இடம் காலியாக.
4. பின்னறைச் சாவி, ஒன்று.
5. நட்டு, ஒன்று. நீ பொறுக்கி வந்த எட்டில் இது எட்டாவது. மற்ற ஏழும் அதே கைக்குட்டையில் இங்கே இருக்கின்றன. இதைத் தபாலில் திருப்பி அனுப்பாதே. கையில் கொண்டு வா.