ஐந்தாவது படம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் வருகிறது, டி.வி.யைப் பார்த்தால் போய்விடுகிறது. உன் நலத்தை வழக்கமாக விரும்புவதோடு விட்டுவிடுவேன், இந்த முறை கேட்கிறேன், பதிலைச் சரிபார்க்கவும் போகிறேன். போனில் கேட்டால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

பள்ளி நூலகத்தில் எட்டாம் வகுப்புக்கு நான் எடுக்கும் பாடம் உனக்குத் தெரியும். பார்த்ததையெல்லாம் நம்பாதே, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று தேடு, ஒரே சான்றை வைத்து முடிவு கட்டாதே. போன வியாழக்கிழமை பயிற்சிக்கு ஐந்து படங்கள் கொடுத்தேன், நான்கு பொய், ஒன்று நிஜம், கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நிஜத்துக்கு எங்கே போவது என்று யோசித்து, நான்கு மாதம் முன்பு நீ அனுப்பியதையே போட்டேன். பெரிய ஜன்னல், மஞ்சள் நாற்காலி, மேஜையில் பாதி குடித்த காபி. "என் புது வீட்டு ஹால்மா, இன்னைக்குக் காலைல எடுத்தது" என்று நீ சொல்லியிருந்தாய். ஸ்டாஃப் ரூமில் அந்தப் படத்தை நான் காட்டாத ஆள் இல்லை.

மற்ற பிள்ளைகள் நான்கு பொய்யைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். நாங்கள் வக்கீலம்மா என்று கூப்பிடும் ஒரு பெண் மட்டும் அஞ்சும் பொய்தான் டீச்சர் என்றாள். தப்பு என்றேன். எப்படித் தப்பு என்று கேட்டாள். எனக்குத் தெரியும், உட்காரு என்றேன். அந்த அறையில் யாரும் சொல்லக் கூடாது என்று பதினெட்டு வருஷமாக நான் தடை போட்டு வைத்திருக்கும் பதில் அது. அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். வாடகை வீட்டு விளம்பரம், மூன்று வருஷத்துக்கு முந்தையது, அதில் அதே ஹால். அந்த வீட்டுக்கே நீ குடிபோயிருக்கலாமே என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். ஆனால் அதே காபி, அதே பாதி அளவு. மூன்று வருஷமாக ஒரு காபியை யாரப்பா குடிப்பார்கள்.

அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் சந்தேகம். வேலையில் உயர்வு என்றாய், பிறகு ஏன் வேலை நாளில் பட்டப்பகலில் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுக்கிறாய்? நெட் சரியில்லை என்று ஏன் முகத்தையே காட்டுவதில்லை? பேசும்போது பின்னால் ஒரு ஷட்டர் இழுக்கும் சத்தம் கேட்கிறதே, அது உன் பழைய அறைக்குக் கீழே இருந்த கடையுடையது இல்லையா? அப்பாவிடம் கேட்டேன். பெத்த புள்ளையைப் போய்ச் சந்தேகப்படுறியே என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போனார், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவருக்கு ஏதோ தெரியும், இருக்கட்டும், அவரைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். நீ பொய் சொன்னது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. வேலை போய்விட்டதோ, வேளைக்குச் சாப்பிடுகிறாயோ இல்லையோ, எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாயோ என்று நினைத்தால் அதைவிட வலிக்கிறது.

வக்கீலம்மாவிடம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். யார் வீட்டுப் படம் என்று மட்டும் சொல்லவில்லை. உன் விஷயத்திலும் ஒரு சான்று போதாது, அதனால் இந்தக் கடிதத்தை நீ கொடுத்த புது முகவரிக்கு அனுப்பவில்லை, கடைக்கு மேலே இருக்கும் அந்தப் பழைய அறைக்கே அனுப்புகிறேன். ஆள் இல்லை என்று திரும்பி வந்தால் உன்னிடமும் மன்னிப்புக் கேட்பேன், அவ்வளவு சந்தோஷமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அறை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே, நீயும் அதில் இருக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு. அதை நான் யாரிடமும் கொடுத்துச் சரிபார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா