புரட்டாதிச் சனியில் பியர் பஸ்

செப்டெம்பர் 5, வெள்ளி

ஆய்வுகூட வேலை இன்றோடு முடிந்தது. "மறுசீரமைப்பு" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கேக் வெட்டிய மேலாளருக்கு அங்குள்ள கருவிகளைப் பழக்கிவிட்டவன் நான். டைஐசோசயனேற் என்ற இரசாயனப் பெயரைத் தடக்காமல் சொல்லும் அவன் நாக்குக்குத் தவபாலன் என்று சொல்ல வராது. கடைசி நாளும் "தவ்" என்றுதான் பேசினான். கைதட்டினார்கள்.

கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டைக்குள் ஒரு பரிசுச் சீட்டு. ஒரு சனிக்கிழமை சின்ன பஸ்ஸில் ஏற்றி, நகரத்தின் மேற்குப் பக்கம் மூன்று பியர் ஆலைகளைச் சுற்றிக் காட்டுவார்களாம். வழிகாட்டி உண்டு, ருசிபார்க்கவும் தருவார்கள். இரண்டு பேருக்கு.

முதலில் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். இத்தனை வருசத்துக்கு இதுவா? பிறகு ஞாபகம் வந்தது: பேராதனையில் என் ஆய்வு நொதித்தலைப் பற்றியது. இந்த நாட்டில் ஒருத்தர்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காவிட்டால் போகட்டும். நான் போய்ப் பார்க்கத்தான் போகிறேன்.

செப்டெம்பர் 8, திங்கள்

ரதி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். தட்டினால் நாதஸ்வரம் வாசிக்கிறது. மகள் நிலாணிக்குக் கலியாணம், நவம்பரில். படத்துக்குக் கீழே கும்பிடும் கை ஒன்று. அவ்வளவுதான்.

ரதி எனக்கு இருக்கிற ஒரே தங்கை. நிலாணிக்கு நான் ஒரே தாய்மாமன்.

செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போகலாம். கலியாண வீட்டுக்குச் சொல்லாமல் போகக்கூடாது. சொல்வது என்றால் புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு கார்ட்டை வைத்து, வாயால் சொல்வது. இது நான் கண்டுபிடித்த சட்டமா? ஐயருக்கு நேரில் போய்ச் சொல்லியிருப்பார்கள். சாப்பாட்டுக்காரனுக்கும் நேரில் சொல்லியிருப்பார்கள். மாமனுக்கு நாதஸ்வரப் படம்.

"இப்ப எல்லாரும் உப்பிடித்தானே அனுப்பினம்" என்கிறாள் என் மனுசி சுகந்தி. எல்லாரும் என்றால்? நான் எல்லாருமா?

மறந்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள் போல. நிலாணி பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு நடந்த அன்று பனி கொட்டியது. ஹைவேயில் லொறி ஒன்று பிரண்டு கிடந்தது. தட்டங்களைப் பின் சீற்றில் வைத்துக்கொண்டு காருக்குள் இருந்தேன். ஹோலுக்குள் நுழைந்தபோது, தாய்மாமன் உடைக்கவேண்டிய தேங்காய் உடைத்தாகிவிட்டது. நல்லநேரம் முடியப்போகுது என்றாராம் ஐயர். உடனே ரதியின் புருசன், என் மச்சான் இராஜரட்ணம், தன் கூட்டாளி கிருபனைப் பிடித்து மாமனாக நிறுத்திவிட்டான். வீடு விற்கிற கிருபன்! வீடியோவில் இன்றைக்கும் அவன்தான் நிற்கிறான், என் இடத்தில், பட்டுவேட்டியோடு. தட்டங்களை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அன்றோடு எங்களுக்குள் நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை. அம்மாவின் செத்தவீட்டில்கூட ஆளுக்கொரு தொங்கலில் நின்றோம்.

படத்துக்குப் பதில் போடவில்லை. போடவும் மாட்டேன்.

செப்டெம்பர் 11, வியாழன்

ரதி போனில் கோல் எடுத்தாள். நான் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? தேவையில்லை.

செப்டெம்பர் 18, வியாழன்

பஸ்ஸுக்கு வரமாட்டேன் என்று சுகந்தி ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, சனிக்கிழமை என்னெண்டு தெரியுமோ? முதல் புரட்டாதிச் சனி. ஊரெல்லாம் எள்ளுப் பொட்டலம் எரிக்கப் போகேக்கை நீங்கள் பியர் குடிக்கப் போறியளோ?"

சனீஸ்வரன் இதுவரை எனக்குச் செய்ததற்கு நான் ஏன் எள் எரிக்க வேண்டும் என்று கேட்டேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

எங்கடை ஆம்பிளையள் குடிப்பதில்லையா? கலியாண ஹோல்களின் கார்ப் பார்க்கில் போய்ப் பார்க்கட்டும். டிக்கியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, பிளாஸ்ரிக் கப்பில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார்கள். பிறகு ஒரு கராம்பை வாயில் போட்டுக்கொண்டு பந்தியில் வந்து குந்துவார்கள். நான் ஒருநாளும் டிக்கிக்குள் குடித்ததில்லை. குடித்தால் மேசையில், வெளிச்சத்தில்.

தனியே போகிறேன்.

செப்டெம்பர் 20, சனி

போய் வந்துவிட்டேன். இன்றைக்கே எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

பஸ் யூனியன் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் நின்றது. வழிகாட்டி லெஸ்லி, நியூஃபவுண்ட்லாந்துக்காரி, பஸ் அதிரச் சிரிக்கிற பெண். தனியாக வருகிறவர்களை ஒன்றாக இருத்துவது தன் பஸ்ஸின் சட்டம் என்றாள். என் பக்கத்தில் சுகந்தியின் இடம் காலியாகக் கிடந்தது.

கடைசி நேரத்தில் தமிழ்ப் பொடியள் ஒரு கூட்டம் ஏறியது. எல்லாருக்கும் ஒரே ரீசேட். கலியாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரிகிற இந்த நாட்டுக் கொண்டாட்டம். சோடி சோடியாகப் பின்னால் போய் இருந்தார்கள். அவர்களோடு வந்த பெரிய மனிதர் ஒருவர் மட்டும் மிஞ்சினார். கறுப்புக் கண்ணாடி, காதுவரை இழுத்த தொப்பி. லெஸ்லி அவரைத் தோளில் பிடித்து என் பக்கத்தில் இருத்தினாள். தொப்பி நழுவியது. நெற்றி நிறையத் திருநீறு.

இராஜரட்ணம்.

"நீர் என்ன இஞ்சை?" என்றான்.

"ரிக்கற் இருக்கு. நீர்?"

எழும்பப் பார்த்தான். பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

அவன் கோயில் நிர்வாக சபையின் பொருளாளர். எள் எரிக்கப் போவதாக ரதிக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. மருமகனாகப் போகிறவன் ஆசையாகக் கேட்டானாம், மறுக்க முடியவில்லையாம். மேற்குப் பக்கம் எங்கடை ஆட்கள் வரமாட்டார்கள் என்ற தைரியமாம். எள்ளுப் பொட்டலம் இன்னும் ஜக்கெற் பையில் இருந்தது. ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டே இருந்தான்.

மாப்பிள்ளை ஜெனோசன் முன்னால் வந்தான். எங்கள் இருவரையும் பார்த்தான்.

"அங்கிள், யூ கைஸ் நோ ஈச் அதர்?"

"ஓம் தம்பி, ஒரே ஊர்" என்றான் இராஜரட்ணம்.

ஒரே ஊராம்! என் தங்கையைக் கட்டியவன் சொல்கிறான், ஒரே ஊராம்.

"நான் நிலாணியின்ரை மாமா" என்றேன். "தாய்மாமன்."

பொடியனின் முகம் மலர்ந்தது. "வெயிட், நீங்களோ தேங்காய் மாமா? நிலாணி சொன்னவா. அண்டைக்கு ஷீ வாஸ் சோ மேட், அங்கிள். நீங்கள் வருமட்டும் உடைக்கக்கூடாது எண்டு அழுதவவாம். அந்த வீடியோவை எனக்குக் காட்டமாட்டன் எண்டுறா."

அவன் பின்னால் போய்விட்டான். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் பிள்ளை அழுவதை நானும் பார்த்திருக்கிறேன். வெட்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான்— சரி, அது கிடக்கட்டும்.

முதலாவது ஆலை ஒரு பழைய களஞ்சியத்துக்குள். அவித்த மாவின் வாசனை உடுப்பில் ஒட்டியது. காய்ச்சுகிறவன் மதுவத்தை, அதுதான் ஈஸ்ற்றை, பற்றி விளக்கிக்கொண்டு போனபோது குறுக்கே ஒரு கேள்வி கேட்டேன்: கடைசி நாட்களில் வெப்பநிலையை ஏற்றி, வெண்ணெய் மணம் தரும் டையசற்றைலைப் போக்குகிறீர்களா, அல்லது காத்திருக்கிறீர்களா? அவன் நின்றுவிட்டான். இதைக் கேட்கிற ஆள் எங்கிருந்து வந்தார் என்று கேட்டான். எல்லாரும் வெளியே போன பிறகும் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று கதைத்தோம். இந்த நாட்டில் என் படிப்பைப் பற்றி ஒருவன் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. என்னை அனுப்பிய ஆய்வுகூடத்துக்கு இது தெரியவேண்டும். தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பலகை ஒன்றில் குழி குடைந்து நாலு சின்னக் கிளாஸ்கள் வைத்துத் தந்தார்கள். நான் வெளிச்சத்துக்குப் பிடித்து, நிறம் பார்த்து, மெல்லக் குடித்தேன். இராஜரட்ணம் சுவர்ப் பக்கம் திரும்பி ஒரே மூச்சில் விழுங்கினான். டிக்கிப் பழக்கம். உடனே கராம்பு.

இரண்டாவது ஆலையில் வாயைத் திறந்தான்.

"மச்சான், ரதிக்குச் சொல்லிப்போடாதையும்."

மச்சான்! அந்தச் சொல்லை அவன் வாயில் கேட்டு எவ்வளவு காலம். ஒரு உதவி தேவைப்பட்டதும் வருகிறது.

மூன்றாவது ஆலையில், மர வாங்கில் அருகருகே இருந்தபோது, கிளாஸைப் பார்த்தபடி சொன்னான்: "கலியாணத்துக்கு வாருமன்."

"உப்பிடியோ சொல்லுறது? பியர்க் கடையிலை வைச்சு?"

"வேறை என்னண்டு சொல்ல?"

"ரெண்டு பேருமாய் வீட்டை வாரும். தட்டத்தோடை வந்து சொல்லும்."

"ரதி கேப்பாளே, திடீரெண்டு என்ன ஞானம் எண்டு. எங்கை கண்டனீங்கள் எண்டு கேப்பாள்."

"சொல்லும், எங்கை கண்டதெண்டு."

"புரட்டாதிச் சனி, மச்சான். என்னை வீட்டுக்குள்ளை விடாள்."

"அப்ப கிருபனைக் கூப்பிடும். அவருக்கு மாமன் வேலை பழக்கம்தானே."

திரும்பி வரும்போது அவன் நித்திரையாகி, தலை என் தோளில் சாய்ந்தது. இரண்டு தரம் தள்ளினேன். மூன்றாம் தரம் விட்டுவிட்டேன். பஸ் குலுங்கியது, வேறு ஒன்றுமில்லை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

லெஸ்லி எல்லாருக்கும் படம் அனுப்பியிருக்கிறாள். கடைசி ஆலைக்கு முன்னால் எடுத்தது. எல்லாரும் கிளாஸைத் தூக்கிப் பிடித்திருக்கிறோம். நடுவில் திருநீறும் தொப்பியுமாகக் கோயில் பொருளாளர். என் தோள் அவன் தோளோடு முட்டுகிறது.

ஒரு தட்டுத் தட்டினால் ரதியிடம் போகும். இன்னொரு தட்டில் ஊர்ச் சங்கத்தின் குழுவுக்கே போகும். எத்தனை வருசம் காத்திருந்த கத்தி இது? கையில் தந்திருக்கிறார்கள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். இரக்கத்தால் அல்ல. எனக்கு அவனோடு இருப்பது தேங்காய்ப் பகை. அதற்குப் பியர்ப் படம் காட்டி வெல்வது களவு. என் பகையை நான் ஒழுங்காகத்தான் நடத்துவேன்.

சுகந்தி படத்தைப் பார்த்துவிட்டு நீண்டநேரம் சிரித்தாள். "உங்கடை முகத்தையும் பாருங்கோ" என்றாள். என் முகத்துக்கு என்ன?

செப்டெம்பர் 30, செவ்வாய்

ஒருவரும் வரவில்லை. நல்லது.

ஒக்ரோபர் 11, சனி

கடைசிப் புரட்டாதிச் சனி. சுகந்தி கோயிலுக்குப் போய் வந்தாள். இராஜரட்ணம் அங்கே ரதிக்குப் பின்னால், தள்ளி நின்றானாம். ரதி முன்னால் ஒரு கூடை எள்ளுப் பொட்டலம் எரித்தாளாம். என்ன நடக்கிறது அங்கே? எனக்கென்ன.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

வந்தார்கள்.

பத்து மணியிருக்கும். கதவைத் திறந்தால் ரதி, சேலையில், கையில் தட்டம். பின்னால் அவன். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை, சுகந்தி சொன்னாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரதி கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்:

"அண்ணா, இவர் உங்களுக்குப் பக்கத்திலை இருந்து பியர் குடிச்சவராம். எனக்கு ஏழு நாளைக்குப் பிறகு தானாய்ச் சொன்னவர். எள்ளு எரிச்சனான் எண்டு அண்டைக்கு எனக்குத் திருநீறும் பூசினவர். எந்தக் கோயில் திருநீறோ தெரியாது."

"வீட்டுத் திருநீறுதான்" என்றான் அவன், நிலத்தைப் பார்த்து.

"நீங்கள் பேசாமல் நில்லுங்கோ."

கராம்பு வாசம் அவளுக்குக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து தெரியுமாம். அவன் தானாகச் சொன்னதைத்தான் அவளால் நம்ப முடியவில்லையாம். ஏன் சொன்னீங்கள் என்று கேட்டதற்கு, சொல்லாமல் உன்ரை அண்ணன் வீட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போகேலாது என்றானாம். அதற்குப் பிறகு மூன்று கிழமை அவனோடு கதைக்காமல் இருந்திருக்கிறாள். நேற்றுத்தான் வெற்றிலை வாங்கச் சொன்னாளாம்.

தட்டத்தை நீட்டினாள். அவனும் ஒரு கை பிடித்தான். முறைப்படி சொன்னார்கள்: பிள்ளைக்குக் கலியாணம், நீங்கள் குடும்பமாக வந்து நடத்தித் தரவேணும்.

நான் உடனே வாங்கவில்லை.

"தேங்காய் ஆர் உடைக்கிறது?"

"நீர்தான்" என்றான்.

"கிருபன் வருவாரோ?"

"வருவான். பாத்துக்கொண்டு நிப்பான்."

வாங்கினேன்.

மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அவர்கள் போன பிறகு சுகந்தி தட்டத்து வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து என் முன்னால் வைத்தாள். சாப்பிட்டேன். பழத்தோடு எனக்குக் கோபமில்லை.

ஒக்ரோபர் 29, புதன்

பழைய மேலாளர் மின்னஞ்சல் போட்டிருக்கிறான். ஒரு கருவி வேலை செய்யவில்லையாம், "தவ்" வந்து பார்க்க முடியுமாவாம். முடியாது என்று எழுதினேன். கீழே என் முழுப்பெயர்.

நவம்பர் 8, சனி

நாளைக்குக் கலியாணம், காலை பனி என்கிறது வானிலை. காலமையே பெண்ணின் தலையில் பாலும் அறுகும் வைத்துப் பாலறுகு முடித்து, மாமன் தேங்காய் உடைத்து, அதற்குப் பிறகுதான் பிள்ளையை ஹோலுக்குக் கூட்டிப்போவார்கள். ஹைவே, லொறி, நல்லநேரம் – எல்லாக் கதையும் எனக்குத் தெரியும்.

அதனால் மத்தியானமே வெளிக்கிட்டுவிட்டோம். இதை ரதி வீட்டு பேஸ்மென்ற்றில், உடுப்பு ஸ்திரி போடும் மேசையில் இருந்து எழுதுகிறேன். மேலே பெண்டுகள் பலகாரம் அடுக்கும் சத்தம். சுகந்தியின் சிரிப்பு கேட்கிறது. நிலாணி சற்றுமுன் இறங்கி வந்து, மருதாணிக் கையை எங்கும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, "மாமா, தேங்காய் கொண்டந்தனீங்களோ?" என்று கேட்டாள். நானே தட்டிப் பார்த்து வாங்கிய தேங்காய்கள் என் படுக்கையின் தலைமாட்டில் இருக்கின்றன. காட்டினேன்.

இராஜரட்ணமும் வந்தான். கையில் இரண்டு பியர். ஒளிக்காமல், படியால் இறங்கி, மேசையில் வைத்தான். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு உடைத்த பிறகு என்றேன். சரி என்று அவற்றைத் திரும்பக் கொண்டுபோனான்.

யன்னலுக்கு வெளியே முதல் துகள்கள் விழத் தொடங்கிவிட்டன.

கொட்டட்டும்.