பேரீச்சம்பழ டின்னில் பன்னிரண்டு பட்டன்கள்

வியாழக்கிழமை உன் டின்னைத் திறந்தேன். வலது ஓரத்துப் பட்டன் வேலை செய்யவில்லை. உள்ளே ஒரு வயர் விட்டிருந்தது. உன் சால்டரிங் அயர்னையே சூடாக்கி, பேஸ்ட்டில் தொட்டு வயரில் வைத்தேன். புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுச் சமையலறை மறந்துபோய், சிங்காரத்தோப்பில் நீ வேலை பார்த்த மொபைல் சர்வீஸ் கடைக்குள் நின்றேன். உன் துப்பட்டாவில் எப்போதும் அந்த வாசனைதான். "ஒரு சென்ட்டாவது போட்டுத் தொலையேன்டீ" என்று எத்தனை தரம் திட்டியிருப்பேன். இப்போது அந்தப் புகை சீக்கிரம் கலைந்துவிடக் கூடாதே என்று ஃபேனை நிறுத்தினேன். பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை தில்லை நகரில் வீடியோ கேம் போட்டி. பேர் கொடுத்துவிட்டேன். நீ கன்ட்ரோலராக்கிய இந்த டின்னில்தான் ஆடப்போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாக வேண்டியிருந்தது. எட்டு மாதமாகத் தள்ளிப்போட்ட காரியம். உன் பட்டன் அமைப்பை அழிப்பது. டின்னுக்குள் நீ வைத்த சின்ன சர்க்யூட் பலகைக்கு ஒரே ஒரு அமைப்பைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியும். எந்தப் பட்டன் குத்து, எந்தப் பட்டன் உதை என்று புதிதாகச் சொல்லிக்கொடுத்தால் பழையதை மறந்துவிடும். பழையது உன் கை. உன் கடைசி மாதத்துக் கை. "பேப்பர்ல எழுதி வெச்சுக்கோயேன் லூசு" என்பாய். எழுதியும் வைத்திருக்கிறேன். விலாசத்தை எழுதி வைத்தால் அது வீடாகிவிடுமா?

உன்னை முதலில் பார்த்த நாளே நமக்குள் சண்டை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது போனைக் கீழே போட்டு உடைத்துக்கொண்டு, நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கி ஓடி வந்திருந்தேன். உன் மேஜையில் மூடி கழற்றிய கேம் கன்ட்ரோலர் ஒன்று கிடந்தது.

"என் போனை எப்பங்க குடுப்பீங்க? விளையாட்டுச் சாமானை நோண்டிக்கிட்டு இருக்கீங்க?"

நீ நிமிரக்கூட இல்லை. "போன் நாளைக்கு. இதுதான் அவசரம். பட்டனை இடம் மாத்திட்டிருக்கேன்."

"எதுக்கு மாத்தணும்? கம்பெனிக்காரன் வெச்ச இடத்துல அழுத்த வேண்டியதுதானே?"

அப்போதுதான் தலையைத் தூக்கினாய். "செருப்பு வாங்கறப்ப கடைக்காரன் கால் அளவுக்கா வாங்குவீங்க?"

ரசீதை வாங்கிக்கொண்டு, என் செருப்பைப் பார்த்தபடியே ஸ்கேன் சென்டருக்குத் திரும்பினேன்.

உன் அண்ணன் துபாய்க்கு வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற கேம் மெஷின் நம்மைச் சேர்த்துவைத்தது. ஞாயிறு என்றால் நான் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, பாலக்கரையில் உன் வீட்டு மாடிக்கு வந்துவிடுவேன். இரண்டு ஆள் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் ஆட்டம். நகர நாலு திசை, குத்து இரண்டு, உதை இரண்டு, இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். மூன்று ஞாயிறுகள் நீ என்னை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விடவில்லை. பேச்சுக்காகவாவது ஒன்று விட்டுக்கொடுத்தாயா? அடிப்பாவி, இல்லையே.

அண்ணன் லீவில் வந்தபோது கொண்டுவந்த பேரீச்சம்பழ டின் அது. தட்டையாக, அகலமாக, மடியில் வைக்கத் தோதாக இருந்தது. பழம் தீர்ந்த அன்றே மூடியில் பன்னிரண்டு ஓட்டை போட்டாய். ஆளை நகர்த்த ஜாய்ஸ்டிக் குச்சி கிடையாது, எல்லாமே பட்டன். எட்டு பட்டன் ஆட்டத்துக்கு, மிச்சம் நாலு நம் வசதிக்கு. தகரம் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று பழைய மவுஸ் பேடை வெட்டி உள்ளே ஒட்டினாய். அடியில் அந்த ஈச்சமரப் படம் இன்னும் அழியவில்லை.

நம் முதல் போட்டியை நீ மறந்திருக்க மாட்டாய். கல்யாண மண்டபத்து மாடி. அறை நிறையப் பையன்கள், பெண்கள் நாம் இரண்டே பேர். ஆட்டம் தொடங்கும் முன் ஆளுக்குப் பத்து விநாடி எடுத்து எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்துக்கொள்வது வழக்கம். பட்டன் செக் என்பார்கள். முன்னால் ஆடியவன் தன் வசதிக்கு மாற்றியது அந்த மெஷினிலேயே இருக்கலாம். ஆட்டம் தொடங்கிய பிறகு நிறுத்தினால் அந்தச் சுற்று எதிராளிக்குப் போய்விடும். எல்லாம் தெரியும் எனக்கு. ஆனாலும் எதிரே இருந்த பையன் "ஸ்டார்ட் பண்ணிரலாமாக்கா?" என்றதும் தலையை ஆட்டிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர் நின்று பார்க்கும்போது பத்து விநாடி கேட்கக் கூச்சம். குத்துக்கு அழுத்தினால் உதை போனது. உதைக்கு அழுத்தினால் ஆள் சும்மா நின்றான். நிறுத்தவும் பயந்து, யாரோ ஒருவனுடைய அமைப்பிலேயே ஆடித் தோற்றேன்.

படிக்கட்டில் வைத்து நீ விட்ட டோஸ் இருக்கிறதே! "பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு ஊரையே கூட்டுறவதானே நீ? இங்க பத்து செகண்ட் கேக்க வாய் வரலையா? கூச்சப்பட்டா அடுத்தவன் செட்டிங்லதான்டீ ஆடணும்."

உன் முறை வந்தது. டின்னை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, திரையைப் பார்த்து, மறுபடி அழுத்தினாய். பின்னாலிருந்து எவனோ, "என்னக்கா, டைப்பிங் எக்ஸாமா?" என்றான்.

"ஆமாங்க தம்பி. நீங்களும் உக்காருங்க, ஃபெயில் பண்ணி விடறேன்."

அடுத்த சுற்றில் அவனே எதிரே வந்து உட்கார்ந்தான். சொன்னபடியே செய்து அனுப்பினாய்.

அதற்கு அடுத்த வருஷம் உன் விரல்கள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் கை மடங்கவில்லை, தண்ணீர் சொம்பைப் பிடிக்க முடியவில்லை. முடக்குவாதம் என்றார்கள். "கல்யாணத்துக்கு முன்னாடியே மூட்டு வலி வந்துருச்சு, இனி மாமியாரும் நானும் சமம்" என்று நீயே கேலி பேசினாய். கடைக்குப் போவது நின்றது. ஆடுவது நிற்கவில்லை. ஒரு விரல் முரண்டு பிடித்தால் அதன் வேலையை இன்னொரு விரலுக்குக் கொடுத்தாய். ஆள்காட்டி விரலின் குத்து நடுவிரலுக்குப் போனது. பிறகு வலக்கையின் வேலைகள் ஒவ்வொன்றாக இடக்கைக்கு வந்தன. ஒவ்வொரு ஞாயிறும் நான் வரும்போது டின்னில் ஏதாவது ஒரு பட்டன் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

பிடிதான் உன்னை ரொம்பப் படுத்தியது. எதிராளி நம்மைக் கட்டிப் பிடித்தால், கண் இமைப்பதற்குள் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி விடுவித்துக்கொள்ள வேண்டும். தவறினால் தூக்கித் தரையில் அடிப்பான். இரண்டு விரலை ஒரே நேரத்தில் இறக்க உன்னால் முடியவில்லை. போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்டு, விதிக்குள்தான் என்று உறுதி செய்துகொண்டு, அந்த இரண்டையும் ஒரே பட்டனாக்கினாய். அதை டின்னின் கீழ் மூலையில், இடக்கைப் பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் வைத்தாய். பழக ஆள் வேண்டுமே? உன் அம்மாவைக் கூப்பிட்டாய்.

"ம்மா, இந்த ரெண்டு பட்டனை மட்டும் அழுத்திக்கிட்டே இருங்க. நீங்க பிடிங்க, நான் தப்பிக்கிறேன்."

பூண்டு உரித்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார் அம்மா. அந்த ஆட்டத்திலேயே அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு பிடிதான். "பெத்த புள்ளைய எத்தன தடவம்மா தூக்கிப் போடறது? எனக்கே பாவமா இருக்கு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே விடாமல் தூக்கிப் போட்டார். நாள் போகப் போக உன்னை அவரால் பிடிக்க முடியாமல் போனது. அன்று நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

ஒரு ஞாயிறு நான் என் கன்ட்ரோலரையும் உன்னுடையது மாதிரியே மாற்றிக்கொண்டு வந்தேன். இருவரும் சமமாக ஆடுவோமே என்று, பெரிய தியாகி மாதிரி. உனக்கு வந்த கோபம்! "என் வெரல் மடங்கலன்னு நான் மாத்துனேன். ஒனக்கு என்ன கேடு? என் வியாதிய நீ எதுக்குடீ பழகுற? ஒன் கைக்கு எது பொருந்துதோ அத வெச்சு என்னை அடி. பாவம் பாத்து ஆடறதா இருந்தா இந்தப் படியேறாத."

அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அடுத்த ஞாயிறு பழைய அமைப்போடு வந்து உன்னை நாலு ஆட்டம் வரிசையாக அடித்தேன். "ஆங், இப்பதான் மனுஷி" என்றாய்.

ஐப்பசி மழையில் சளி பிடித்தது. மருந்துகளால் ஏற்கெனவே உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தது. நெஞ்சுக்கு இறங்கி, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அவ்வளவுதான் உன் கணக்கு. அடக்கம் செய்ய மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் உன்னைத் தூக்கிச் சென்ற பிறகு உன் அம்மாவின் கையைப் பிடித்தபடி உன் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். நாற்பது நாள் கழித்து அம்மா டின்னை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார். "அவ கை பட்ட சாமான். ஒன்கிட்டதாம்மா இருக்கணும்."

இவ்வளவு திட்டு வாங்கியும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எட்டு மாதம் உன் அமைப்பிலேயே ஆடினேன். என் வலக்கை நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சும்மா வைத்துக்கொண்டு, உன் வலிக்கு ஏற்ற இடங்களில் தேடித் தேடி அழுத்தினேன். ஆன்லைனில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அடித்துவிட்டுப் போனான். அதற்குப் பேர் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அந்தப் புகையில் நிற்கும்போதுதான் உறைத்தது. அடுத்தவர் செட்டிங்கில்தான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த அடுத்தவள் நீ என்பதால் தப்பாகத் தெரியவில்லை.

இன்று சனிக்கிழமை, மத்தியானமே பாலக்கரைக்குப் போனேன். உன் அம்மாவைக் கேட்காமல் அழிக்க மனசு வரவில்லை.

"அம்மா, அவ பட்டன் வெச்சிருந்தது இதுல அப்படியே இருக்கு. நாளைக்கு நான் ஆடணும்னா அழிக்கணும். வேணாம்னு சொன்னீங்கன்னா போட்டிக்குப் போகல."

அம்மா டின்னைத் தடவிப் பார்த்தார். "அவ மருந்து அத்தனையையும் நானேதான் குப்பையில போட்டேன். அவ பட்ட வலிய வீட்டுல வெச்சு நான் என்னம்மா செய்ய? இதுவும் அந்த வலிதானே. அழிச்சிரும்மா. அவளே அழிச்சிருப்பா."

மேல் மூலைப் பட்டன்கள் இரண்டையும் அழுத்திக்கொண்டு வயரைச் சொருகினேன். விளக்கு மூன்று முறை சிமிட்டியது. உன் கை போய்விட்டது. அடக்க முடியாமல் அழுதேன். அம்மாவும் அழுதார். அப்புறம் அவரே எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

டீயைக் குடித்துவிட்டு என் கைக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாக வைத்தேன். குத்தும் உதையும் வலக்கைக்குத் திரும்பி வந்தன. பிடியிலிருந்து விடுபட, எல்லாரும் செய்வதுபோல வலக்கையில் இரண்டு விரல். உன் மூலைப் பட்டனுக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

"அம்மா, ஒரு தடவ என்னைப் பிடிக்கறீங்களா?"

"எனக்கு எந்தப் பட்டனுன்னே மறந்துபோச்சேம்மா" என்று இழுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவருக்கா மறக்கும்? முதல் பிடியிலேயே என்னைத் தூக்கி அடித்தார். இரண்டாவது தடவையும். ஐந்தாவது தடவையும். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நாளைக்குப் போட்டி, இங்கே ஒரே பிடி தெரிந்த அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா பட்டனைவிட்டுக் கையை எடுத்தார். "டிவியில என்ன நடக்குதுன்னு எனக்குப் புரியாதும்மா. நான் ஒன் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒனக்கு இந்த வெரல்தான் மொதல்ல போகுது. அவளுக்கும் இதேதான்."

குனிந்து பார்த்தேன். இடக்கைப் பெருவிரல் உன் மூலையில் இருந்தது. ஒவ்வொரு முறையும், வலக்கை யோசிப்பதற்கு முன்பே, வேலை இல்லாத அந்தப் பட்டனை அழுத்தியிருக்கிறது.

உடனே பிடியை விடுவிக்கும் வேலையை அந்தப் பட்டனுக்குக் கொடுத்துவிடவில்லை. நீ கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொண்டேன்: பொருந்துகிறதா, இல்லை பாவம் பார்க்கிறாயா? அம்மாவைப் பத்து தடவை பிடிக்கச் சொன்னேன், வலக்கையால் விடுபட்டுப் பார்த்தேன். மூன்று தடவைதான் தப்பித்தேன். பிறகு மூலைப் பட்டனில் வைத்தேன். மறுபடி பத்து பிடி. ஒன்றில்கூட அவரால் என்னைத் தூக்க முடியவில்லை. தோற்றுப் பழகிய எட்டு மாதத்தில் அந்த ஓரிடம் மட்டும் என் கையாகவே ஆகிவிட்டிருக்கிறது. பதினொன்று என்னுடையது, ஒன்று உன்னுடையது என்று கதை விட மாட்டேன். பன்னிரண்டும் என்னுடையதுதான்டீ. ஒன்றை நீ கொடுத்திருக்கிறாய்.

கிளம்பும்போது அம்மா கேட்டார்: "நாளைக்கு எத்தன மணிக்கும்மா? நானும் வரேன். அந்தப் பசங்க எப்படித்தான் பிடிக்கறானுங்கன்னு பாக்கணும்."

பத்து மணிக்கு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துச் சேர்ந்தே போகிறோம். டின்னை உன் துண்டிலேயே சுற்றி வைத்துவிட்டேன். எதிரே எவன் உட்கார்ந்தாலும், எத்தனை பேர் பின்னால் நின்றாலும், "ஒரு நிமிஷம் இருங்க தம்பி" என்று சொல்வேன். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன், மூலைப் பட்டனைக் கடைசியாக. அதற்கப்புறம் பிடிக்கட்டும்.